கோட்டைக்கு வெளியே ஓரிடம்: சென்னைத் தலைமைச் செயலக இடத்தேடலும் மரபுக் கட்டடப் பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டின் சட்டமன்றத்தையும் தலைமைச் செயலகத்தையும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வெளியே கொண்டுசெல்ல 2003 முதல் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் சென்னையின் வரலாற்றுக் கட்டடங்கள் சிலவற்றின் இருப்பையே கேள்விக்குள்ளாக்கின. இவற்றைக் கட்சி அரசியலின் கதையாக மட்டும் காண்பது வழக்கமாக உள்ளது. இக்கட்டுரை அவற்றை நகரமைப்பு வரலாற்றின் பகுதியாகக் கொண்டு ஆராய்கிறது. தனித்தனி நினைவுச்சின்னங்களை மட்டும் காக்கும் சட்டம், நகரம் முழுமைக்குமான மரபுப் பாதுகாப்பு இல்லாத நிலையில், ஓரிடத்து இடநெருக்கடியை வேறோரிடத்து இடிப்பாக மாற்றிவிடுகிறது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: புனித ஜார்ஜ் கோட்டை, அரசினர் தோட்டம், இராணி மேரிக் கல்லூரி, மரபுக் கட்டடம், முழுமைத் திட்டம், தொல்லியல் சட்டம்

இடம் மாறிய பேரவை

சென்னைச் சட்டமன்றம் நெடுங்காலம் ஒரே இடத்தில் நிலைத்திருந்ததில்லை. 1921 முதல் 1937 வரை சட்டமன்ற மேலவை கோட்டையிலுள்ள மன்ற அறையில் கூடியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 215 உறுப்பினர் கொண்ட பேரவை அமைந்தபோது அவ்வறை போதவில்லை. எனவே 1937 சூலையில் பேரவை சேப்பாக்கத்திலுள்ள பல்கலைக்கழகச் செனட் இல்லத்தில் கூடியது. 1938 சனவரி முதல் 1939 அக்டோபர் வரை அரசினர் தோட்டத்து விருந்து மண்டபத்தில், அதாவது பின்னாளில் இராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்ற கட்டடத்தில் நடைபெற்றது. 1946இல் மீண்டும் கோட்டைக்கு வந்தது. முதல் பொதுத்தேர்தலுக்குப்பின் உறுப்பினர் எண்ணிக்கை 375 ஆக உயரவே, அரசினர் தோட்டத்தில் புதிய மண்டபம் ஒன்று கட்டப்பட்டு, 1952 மே முதல் 1956 இறுதி வரை பேரவை அங்கே இயங்கியது. இதற்கிடையில் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பும் நடந்தது. 1957 தேர்தலுக்குப்பின் உறுப்பினர் 205 பேர் மட்டுமே. அவ்வாண்டு ஏப்ரலில் பேரவை கோட்டைக்குத் திரும்பியது. 1959 ஏப்ரலில் சில நாள்கள் உதகையின் அரண்மூர் மாளிகையில் கூடியதும் உண்டு.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இடநெருக்கடி எழுந்தபோதெல்லாம் அரசு செய்தது, ஏற்கெனவே இருந்த பெரிய கட்டடம் ஒன்றைக் கடன் வாங்கியதோ, காலியிடத்தில் புதிதாகக் கட்டியதோதான். பேரவைக்காக ஒரு வரலாற்றுக் கட்டடத்தை இடிக்கவேண்டும் என்ற பேச்சு எழவில்லை. அப்பேச்சு எழுந்தது 2003இல். இடையில் நேர்ந்த மாற்றம் என்ன என்பதே இங்கு எழும் வினா.

கோட்டையும் தடைவட்டமும்

1639–40இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை என்னும் நகரின் கருப்பகுதி. 1680இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித மேரி தேவாலயமும், அருங்காட்சியகமாகிய பழைய பரிவர்த்தனைக் கட்டடமும், ‘கிளைவ் இல்லம்’ என வழங்கும் மாளிகையும் இதனுள் உள்ளன. தலைமைச் செயலகக் கட்டடத்தின் கருங்கல் தூண்களுக்கே தனி வரலாறு உண்டு. 1746இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் அவற்றைப் புதுச்சேரிக்கு எடுத்துச் சென்றனர். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அவற்றை மீட்டு வந்தனர். கோட்டைக்குள் ஒரு பகுதி நிலம் இன்றும் படைத்துறையிடம் உள்ளது. வரலாற்றுக் கட்டடங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளன. மாநில அரசோ இருவருக்கும் நடுவே செயலகத்தை நடத்துகிறது. ஒரு மாநிலத்தின் ஆட்சிமையம் தன் சொந்தச் சுவரில் கைவைக்கப் பிறருடைய ஒப்புதலை நாடவேண்டிய நிலை இது.

இந்நிலை என்றும் இத்துணை இறுக்கமாக இருந்ததில்லை. கோட்டைக்குள் செயலகத்திற்கென 1970களில் எழுந்த பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகையே இதற்குச் சான்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடங்களின் பின்னணியில் அது எழுந்ததை இன்றைய பாதுகாப்பு நோக்கில் எவரும் ஏற்கமாட்டார். எனினும், அன்றைய இடநெருக்கடி கோட்டைக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளப்பட்டது என்பதையும் அது காட்டுகிறது. நெருக்கடி முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தில் எழிலகம் கட்டப்பட்டதால் அரண்மனையின் கடற்கரை முகப்பு மறைந்துபோனது. அது இடிப்பன்று, ஆயினும் அடுத்து வரவிருந்த போக்கின் முன்னறிகுறி எனலாம்.

சட்டநிலை 1992இல் மாறியது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று நடுவணரசு அவ்வாண்டு சூன் மாதத்தில் அறிவித்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அவ்வறிவிக்கையைச் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கியது. தடைசெய்யப்பட்ட பகுதியில் பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் அனுமதியோடு செய்யலாம், புதுக்கட்டுமானம் கூடாது. இனி கோட்டைக்குள் இன்னொரு பத்து மாடிக் கட்டடம் எழ வழியில்லை. கோட்டை காக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசு இயந்திரத்தின் வளர்ச்சி அவ்வறிவிக்கையோடு நின்றுவிடவில்லை. துறைகள் பெருகின, கோப்புகளும் ஊழியரும் பெருகினர். கோட்டைக்குள் அடைபட்ட தேவை வெளியே ஓரிடத்தைத் தேடியே ஆகவேண்டியிருந்தது. அத்தேவை எங்கே செல்லவேண்டும், எங்கே செல்லக்கூடாது என்று சொல்லும் நகர அளவிலான மரபுச் சட்டம் அப்போது சென்னையில் இல்லை.

கல்லூரி வளாகத்தில் ஒரு மறுப்பு

2003இல் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு, மெரினா கடற்கரையிலுள்ள இராணி மேரிக் கல்லூரி இருந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் அமையும் என அறிவித்தது. 1914இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி சென்னை நகரின் முதல் மகளிர் கல்லூரி. அதன் முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. கல்லூரி பிறந்த இடம், அதற்குமுன் விடுதியாக விளங்கிய கேப்பர் இல்லம்.

மாணவியரும் ஆசிரியரும் முன்னாள் மாணவியரும் இதனை எதிர்த்து எழுந்தனர். போராட்டம் வளாகத்திற்குள்ளேயே நிகழ்ந்தது. எதிர்க்கட்சிகளும் அதில் இணைந்தன. விவகாரம் நீதிமன்றத்திற்கும் சென்றது. அரசு திட்டத்தைக் கைவிட்டது.

மரபுப் பாதுகாப்பு வரலாற்றில் இப்போராட்டத்திற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. கட்டடக்கலை வல்லுநர்கள் எழுதும் சென்னை வரலாறுகளில் இது ஓர் அரசியல் நிகழ்வாகவே கடந்துசெல்லப்படுகிறது. ஆனால் அங்கு முன்வைக்கப்பட்ட வாதத்தை நோக்கவேண்டும். வளைவுகளின் அழகையோ தூண்களின் பாணியையோ எவரும் முதன்மையாகப் பேசவில்லை. தமிழ்ப் பெண்களின் மூன்று நான்கு தலைமுறை கல்வி கற்ற இடம் இது என்பதே வாதம். ஒரு கட்டடத்தின் மதிப்பு அதனைக் கட்டியவரால் அமைவதா, பயன்கொண்டவரால் அமைவதா என்ற வினாவுக்கு அம்மாணவியர் தந்த விடை தெளிவானது. கேப்பர் இல்லம் இன்று இல்லை, கல்லூரி இருக்கிறது. கட்டடமே மரபு எனக் கொள்வோர்க்கு இது தோல்வியாகத் தோன்றலாம். நிறுவனத்தின் தொடர்ச்சியும் இடத்தின் தொடர்ச்சியுமே மரபு எனக் கொண்டால், சென்னையில் பொதுமக்கள் எதிர்ப்பால் கிட்டிய குறிப்பிடத்தக்க வெற்றிகளுள் இது ஒன்று.

அதன்பின் கோட்டூர்புரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தை அடுத்த நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுவும் சுற்றுச்சூழல் அனுமதி தொடர்பான சிக்கலில் சிக்கி நிறைவேறாமற்போயிற்று.

அரசினர் தோட்டம்

2006இல் ஆட்சி மாறியது. மு. கருணாநிதி தலைமையிலான அரசு தேர்ந்தெடுத்த இடம், அண்ணா சாலையும் வாலாசா சாலையும் சந்திக்கும் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். இடத்தேர்வில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுக்கவியலாது. நிலம் அரசுடையது. எந்தக் கல்லூரியும் இடம்பெயர வேண்டியதில்லை. நகரின் நடுவே, கோட்டைக்கும் சேப்பாக்கத்து அலுவலகங்களுக்கும் அண்மையில் உள்ளது. 1952இல் குடியரசின் முதல் பேரவை கூடிய தோட்டமும் அதுவே. ஒரு மக்களாட்சி, கம்பெனிக்காரரின் கோட்டைக்குள் இரவலாகக் குடியிருப்பதைவிடத் தனக்கென ஓர் அவையைக் கட்டிக்கொள்வதே பொருத்தம் என்ற வாதத்திலும் உண்மை உண்டு.

ஆனால் அத்தோட்டம் வெற்று நிலமன்று. அதன் வரலாறு கோட்டையின் வரலாற்றோடு பிணைந்தது. கோட்டைக்கு வெளியே ஆளுநர்க்கு இருந்த தோட்ட வீட்டைப் பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சிக்காலத்தில் (1746–49) அழித்துவிட்டனர். அதற்கு ஈடாக 1753இல் கம்பெனி விலைக்கு வாங்கியதே, போர்ச்சுகீசிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த மதீரோஸ் அம்மையாரின் வீடு. ‘மதராஸ்’ என்ற ஊர்ப்பெயரே இக்குடும்பப் பெயரிலிருந்து வந்தது என ஒரு கருத்து உண்டு; அதனை ஏற்போரைவிட மறுப்போரே மிகுதி. 1758–59 முற்றுகையின்போது இவ்வீடும் சேதமுற்றது. பிளாசிப் போரில் வென்ற இராபர்ட் கிளைவின் மகனாகிய எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை ஆளுநராக இருந்தபோது, வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்காமைக் கொண்டு அதனைப் பெருமாளிகையாக விரித்துக் கட்டினார். அதன் அருகே 1800 முதல் 1802 வரை தனியே எழுப்பப்பட்டதே விருந்து மண்டபம். 1757இன் பிளாசி வெற்றியையும், 1799இல் திப்பு சுல்தானை வீழ்த்திய சீரங்கப்பட்டண வெற்றியையும் கொண்டாடும் பொருட்டு அது கட்டப்பட்டது.

ஆக, அரசினர் தோட்டத்தில் நின்ற கட்டடங்கள் மூன்று வகையின. ஒன்று ஆளுநர் மாளிகை. இன்னொன்று விருந்து மண்டபம். மற்றொன்று 1952இல் பேரவைக்கெனக் கட்டப்பட்டு, பின்னர்ச் சிறுவர் அரங்காகி, 1970களில் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்ற மண்டபம். மூன்றும் அரசின் உடைமை. மூன்றின் கதியும் வேறுவேறு.

ஆளுநர் மாளிகை இடிக்கப்பட்டது. விடுதலைக்குப்பின் ஆளுநரின் இருப்பிடம் கிண்டியே ஆயிற்று. நகரத்து மாளிகை தன் சடங்குச் சிறப்பை இழந்தது. அதனைத் தம்முடையது என உரிமைகொண்டாடும் மக்கள் கூட்டம் எதுவும் அதற்கு இல்லை. ஏறத்தாழ 250 ஆண்டுகள் அரசின் கையில் இருந்த ஒரு கட்டடம் சென்னை நகரில் பெரிய அதிர்வு எதுவுமின்றி மறைந்தது. அது மறைந்ததை அறியாமலே அண்ணா சாலையில் சென்றுவந்தோர் பலர். அதன் மீது உயர் மதிற்சுவர் வைத்த மறைப்பு ஒரு காரணம். அயலார் ஆட்சியின் சின்னம் என்ற எண்ணமும் ஒரு காரணமாகலாம். ஆனால் அவ்வெண்ணமே முழு விளக்கமாகிவிடாது. அயலார் வெற்றியை அதைவிட வெளிப்படையாகப் பறைசாற்றிய விருந்து மண்டபம் அதே தோட்டத்தில் இன்றும் நிற்கிறது.

அது நிற்பதற்கான காரணத்தைத் தமிழ்நாட்டில் விளக்கவேண்டியதில்லை. 1948இல் இராஜாஜி மண்டபம் எனப் பெயர் மாற்றம் பெற்றபின், அதன் அகன்ற படிக்கட்டுகள் வேறொரு பயன்பாட்டுக்கு வந்தன. 1969இல் அண்ணா, 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது அங்கேதான். பிளாசியையும் சீரங்கப்பட்டணத்தையும் கொண்டாட எழுந்த மண்டபம், தமிழ் மக்கள் தம் தலைவர்களுக்கு இறுதி மரியாதை செலுத்தும் இடமாகிவிட்டது. அதன் பொருளை மக்கள் மாற்றி எழுதிவிட்டனர். இடிக்க வந்தவர் எவராயினும் அப்படிக்கட்டுகளின் மேல் கைவைத்திருக்க முடியாது. ஆளுநர் மாளிகைக்கு அத்தகைய மறுபிறப்பு வாய்க்கவில்லை. கட்டடக்கலை மதிப்பில் இரண்டுக்கும் இடையே வேறுபாடு காணலாம். ஆனால் இரண்டின் கதியையும் தீர்மானித்தது அவ்வேறுபாடன்று.

கலைவாணர் அரங்கத்தின் கதை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நாடகக் கலைஞர்க்கும் இலக்கியக் கூட்டங்களுக்கும் பழகிய இடமாயினும் அதுவும் இடிக்கப்பட்டது. பின்னர் அதே தோட்டத்தில் அதே பெயரில் புதிய அரங்கம் 2016இல் திறக்கப்பட்டது. பெயர் மட்டும் மரபாயிற்று. 1952இல் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசிய 375 உறுப்பினர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த அவை அது என்ற செய்தியை, அது இடிக்கப்பட்டபோது நினைவுகூர்ந்தவர் மிகச் சிலரே. காலனிக் கட்டடங்களைக் காக்கும் ஆர்வலர்க்கு அது மிகப் புதிது. அரசுக்கோ அது மிகப் பழையது. விடுதலைக்குப் பிந்தைய கட்டடங்களை மரபாகக் கருதும் பழக்கம் சென்னையில் வேரூன்றாமைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இவ்விடிப்புகள் நிகழ்ந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும். சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 1975ஆம் ஆண்டு முதல் திட்டத்தோடு ஒப்பிட, மரபுக் கட்டடங்கள் பற்றிய அக்கறை இதில் மிகுதி. புதிய சட்டமன்ற வளாகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2008 நவம்பர் 12. மரபைப் பற்றிப் பேசும் திட்டத்திற்கும் மரபுக் கட்டடம் நின்ற தோட்டத்தில் நாட்டப்பட்ட அடிக்கல்லுக்கும் இடையே பத்து வாரமே இடைவெளி. திட்டத்திற்கு ஒப்புதல் அளித்ததும் அடிக்கல் நாட்டியதும் ஒரே அரசு. இதனை முரண்பாடு எனக் கூறி நிறுத்துவது எளிது. உண்மையில் இது அமைப்பின் இயல்பு. சென்னையில் மரபுக் கட்டடங்களின் மிகப்பெரிய உரிமையாளர் அரசே. நகரமைப்பு விதிகள் தனியார் விண்ணப்பிக்கும்போது தடுக்கவோ அனுமதிக்கவோ வல்லவை. உரிமையாளரும் அனுமதியளிப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது, விதி யாரை நோக்கிப் பேசும்?

பொதுப்பணித்துறைக்கு மரபுக் கட்டடங்களைப் பேணும் திறன் இல்லை என்ற பொதுவான குற்றச்சாட்டும் ஏற்கத்தக்கதன்று. 2012இல் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மகாலை அத்துறையே மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இயங்குகிறது. அடுத்துள்ள உமாயூன் மகாலும் புதுப்பிக்கப்பட்டது. தீயில் கருகிய கட்டடத்துக்குப் புத்துயிர் கொடுக்க வல்ல துறையின் கண்முன்னேதான் தீப்படாத மாளிகை இடிபட்டது. குறை திறனில் இல்லை.

விளம்பரப் பலகையிலிருந்து பட்டியல்

சென்னைக்கு மரபுக் கட்டடப் பட்டியல் ஒன்று கிடைத்த விதம் விந்தையானது. அது நகரமைப்புத் துறையின் ஆய்விலிருந்து பிறக்கவில்லை. பெருஞ்சாலைகளை மறைத்து நின்ற விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கிலிருந்து பிறந்தது. வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களை மறைக்கும் பலகைகளை அகற்றவேண்டும் எனில், அத்தகைய கட்டடங்கள் எவை என்று தெரியவேண்டும். அதற்கென உயர் நீதிமன்றம் அமைத்த நீதியரசர் இ. பத்மநாபன் குழு நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை அடையாளம் கண்டது. பலகைகளை அகற்ற உருவான பட்டியல், பின்னர்க் கட்டடங்களைக் காக்கும் ஆவணமாயிற்று.

அண்ணா சாலையிலுள்ள பாரத் காப்பீட்டுக் கட்டடம் பற்றிய வழக்கில் இது வெளிப்பட்டது. 1897இல் டபிள்யூ.ஈ. ஸ்மித் நிறுவனத்திற்காகக் கட்டப்பட்ட அக்கட்டடம், காப்பீடு நாட்டுடைமையானபின் ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம் வந்தது. 2006இல் தொடங்கிய இடிப்புப் பணியை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2010இல் வந்த தீர்ப்பு கட்டடத்தை இடிக்கலாகாது என்றதோடு, மரபுக் கட்டடங்களுக்கென ஒரு குழு இயங்கவேண்டியதையும் வலியுறுத்தியது. அதன்படி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அரசினர் தோட்டத்துப் புதிய பேரவை திறக்கப்பட்டதும் அதே 2010இல்தான். ஆளுநர் மாளிகையைப் பொறுத்தவரை குழு காலங்கடந்து வந்தது.

பாரத் காப்பீட்டுக் கட்டடம் இடிபடாமல் நின்றது; ஆனால் வாழவும் இல்லை. பாதி இடிந்த நிலையில் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக்கிடந்தது. இடிப்பைத் தடுக்க நீதிமன்றத்தால் இயலும். பழுதுபார்க்கச் செலவிடுமாறும், பயன்பாடு ஒன்றைக் கண்டறியுமாறும் செய்விப்பது அதற்கு எளிதன்று. அது திட்டமிடலின் பணி. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2024இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் சென்னையில் மெட்ரோ இரயில் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. பழைய அண்ணா சாலையின் முகமே மாறியது.

திரும்பிய பேரவை

புதிய பேரவைக் கட்டடத்தை 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். ஜெர்மானியக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பு அது. திறப்பு நாளில் குவிமாடம் நிறைவுறவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியின் கைவண்ணத்தில் தற்காலிகக் குவிமாடம் அமைக்கப்பட்டது. கோட்டையில் காலியான பழைய பேரவைக் கட்டடம் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் நூலகத்திற்கு ஒதுக்கப்பட்டது. கோட்டைக்கு அதைவிடப் பொருத்தமான பயன்பாட்டை நினைப்பது கடினம். கம்பெனியின் கணக்கேடுகள் எழுதப்பட்ட இடத்தில் சங்க நூல்களின் பதிப்புகள் அடுக்கப்பட்டன. இடநெருக்கடி தீர்ந்து, பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆய்வாளர் வந்துபோகும் இடமாகும் வாய்ப்பு அப்போது இருந்தது.

ஓராண்டே அது நீடித்தது. 2011 மே மாதத்தில் ஆட்சி மாறியவுடன் பேரவையும் செயலகமும் கோட்டைக்குத் திரும்பின. நூலகம் வெளியேற நேர்ந்தது. அந்நூலகத்தின் இடப்பெயர்ச்சியைத் தமிழாய்வு உலகம் பெரிதாகப் பதிவுசெய்யவில்லை என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. அரசினர் தோட்டத்துக் கட்டடம் மருத்துவமனையாக மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. அதனை எதிர்த்த வழக்குகள் நின்றுபோயின. 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை அங்கே திறக்கப்பட்டது. இன்று நாள்தோறும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். அவர்களுள் பலர்க்கு அது வேறொன்றுக்காகக் கட்டப்பட்டது என்பதே தெரியாது. அப்பயன்பாட்டைக் குறைகூற எவர்க்கும் மனம் வராது. ஆனால் நகரமைப்புக் கணக்கில் நிகழ்ந்தது இதுவே: பேரவைக்கு இடம் வேண்டி ஆளுநர் மாளிகையும் 1952ஆம் ஆண்டுப் பேரவை மண்டபமும் இழக்கப்பட்டன, பேரவைக்கு இடம் கிடைக்கவில்லை.

கட்சிப் போட்டி இதில் வகித்த பங்கைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. எனினும் அது மட்டுமே காரணம் எனில், 2003, 2008 ஆகிய இருமுறையும் எதிரெதிர்க் கட்சிகள் ஒரே தேவையோடு வரலாற்று வளாகங்களை நாடியதை விளக்க முடியாது. கோட்டைக்குள் கட்ட முடியாது. நகரின் நடுவே அரசுக்கு உரிய பெருநிலங்கள் சிலவே. அவை பெரும்பாலும் பழைய தோட்ட வீடுகளும் அரண்மனைகளும் கல்லூரிகளும் நின்ற நிலங்கள். காலனிக் காலத்தில் ஆளுவோர்க்கெனப் பிரிக்கப்பட்ட நிலமே விடுதலைக்குப்பின் அரசின் நிலக்கையிருப்பாயிற்று. ஆகவே அரசு எப்போது இடம் தேடினாலும் அதன் பார்வை வரலாற்றுக் கட்டடம் ஒன்றின் மேலேயே விழும். இந்நிலக்கையிருப்பு முழுவதையும் ஒருசேரக் கணக்கெடுத்து, எதைக் காப்பது, எதில் கட்டுவது, எந்தப் பழைய கட்டடத்துக்கு எந்தப் புதிய பயன்பாடு தருவது என முன்கூட்டியே முடிவுசெய்யும் ஆவணம் இருந்திருந்தால், 2003இலும் 2008இலும் விவாதம் வேறு தளத்தில் நடந்திருக்கும்.

2020 செப்டம்பரில் கொரோனாத் தொற்றுக்காலத்தில் உறுப்பினர்கள் இடைவெளி விட்டு அமரக் கோட்டையில் இடம் போதவில்லை. பேரவை அரசினர் தோட்டத்துக் கலைவாணர் அரங்கத்தில் கூடியது. 1956இல் தான் விட்டுச்சென்ற தோட்டத்திற்கே அது திரும்பியிருந்தது. அதற்கெனவே எழுப்பப்பட்ட கட்டடம் மருத்துவமனையாக அருகிலேயே நின்றது. அதற்கெனவே 1952இல் எழுப்பப்பட்ட மண்டபம் இல்லை. 2022இல் பேரவை மீண்டும் கோட்டைக்குச் சென்றது. நூறு மீட்டர் தடைவட்டம் அவ்வாறே இருக்கிறது. 234 உறுப்பினரின் அவை அதனுள்ளேயே அமர்கிறது.